வயது சொல்லாத வன்தட்டு

பழைய பம்புசெட்டு மோட்டார் வாங்கப் போகும் எங்கள் பக்கத்து விவசாயி ஒரு கேள்வியைக் கேட்காமல் மடியிலிருந்து பணத்தை எடுக்க மாட்டார்: எத்தனை போகம் ஓடியது? மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்க்கிறார். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கிறார். ஆனால் பழைய கணினிக்கு மாற்று வன்தட்டு (கடைவீதியில் ஹார்ட் டிஸ்க் என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்) வாங்கப் போகும் மாணவர்களாகிய நாம் விலையை மட்டுமே கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். அறுநூறு ரூபாய் என்றார்கள். மலிவு என்று மகிழ்ந்து வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய அத்திட்டத்தில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் அக்காளுக்கு மறு ஆண்டு கிடைத்தது. அக்காளின் படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிட்டது. கணினி நிற்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, வேளாங்கண்ணியில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. அப்பா அக்கணினியைப் பாலிதீன் பையில் சுற்றி, அரிசிச் சாக்கில் போட்டு, விடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அது உண்மையாகவே மடிக்கணினி ஆயிற்று என்று அக்காள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

"பழசைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாய்? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு" என்று அறிவுரை சொல்லும் நண்பர்கள் நம் வகுப்பிலும் உண்டு. அவர்கள் வீட்டில் தூக்கிப் போடுவதற்கு நிறைய இருக்கிறது போலும்!

சென்ற ஆண்டு அதன் வன்தட்டு நின்றது. இதில் வியப்பில்லை. வன்தட்டுக்குள் காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தகடு சுழல்கிறது. மடிக்கணினியில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதாவது நொடிக்குத் தொண்ணூறு. படிக்கும் முனை அத்தகட்டைத் தொடாமல், மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதக்கிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முதல் வன்தட்டுக்கு ஐம்பது தகடுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவோ ஐந்து மெகாபைட்டுக்குள்தான். இன்று உள்ளங்கையில் அடங்கினாலும் சுழற்சி சுழற்சிதான். சுழல்வது எதுவும் தேயும். இதற்கு மேல் எங்கள் ஊர் உப்புக்காற்று வேறு. மின்பலகையின் இணைப்புகளை அது சும்மா விடுவதில்லை.

அறுநூறு ரூபாய்த் தட்டு நாற்பத்தோரு நாள் உழைத்தது. நாற்பத்திரண்டாம் நாள் 'டிக், டிக்' என்று பல்லி சொல்வதுபோல் ஒலித்து, பிறகு ஓய்ந்தது. என் ஆய்வகக் குறிப்புகள் போனதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. தோழியரிடம் வாங்கி எழுதிக்கொள்ளலாம். போனது அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கு. பன்னிரண்டு பேரின் சேமிப்பும் கடன் தவணையும் அதில் இருந்தன. "இனி நோட்டு எதற்கு? கணினியில் போட்டுவிடுகிறேன்" என்று பெருமையாகச் சொல்லி நோட்டை நிறுத்தியது வேறு யாருமல்ல, நானே. படித்த பெண் சொல்கிறாளே என்று அவர்கள் நம்பினார்கள். ஒரு பெண்மணி இரண்டு மாதத் தவணை கட்டிவிட்டதாகச் சொன்னார். மற்றவர்கள் இல்லை என்றார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. சண்டை வேண்டாமென்று அம்மா தன் கையிலிருந்து ஆயிரத்து இருநூறு கட்டினார். ஆக, அந்தத் தட்டின் உண்மை விலை ஆயிரத்து எண்ணூறு. அந்தப் பணத்துக்குப் புதிதாகவே வாங்கியிருக்கலாம்.

கடைக்காரரிடம் போனேன். "பழசுக்கு ஏதும்மா கேரண்டி?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நான் கேட்காததுதான் தவறு. இதை அப்பாவிடம் சொன்னபோது, "எத்தனை மணி நேரம் ஓடுன சாமான்னு கேட்டியாம்மா?" என்றார். அப்பா பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஒரு விடுதியில் இரவுக் காவல் பார்க்கிறவர். ஆனால் கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி பகலும் இரவும் ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். "எனக்காவது காலையில தூக்கம் உண்டு, அதுக்கு அதுவும் கிடையாது" என்பார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை தட்டிலேயே இருக்கிறது என்பதை அதன் பிறகே அறிந்தேன். 'ஸ்மார்ட்' என்னும் தன்பரிசோதனைக் குறிப்பேடு ஏறக்குறைய எல்லா வன்தட்டுகளிலும் உண்டு. எத்தனை மணி ஓடியது, எத்தனை முறை இயக்கப்பட்டது, எத்தனை பகுதிகள் கெட்டு மாற்றிடம் கொடுக்கப்பட்டன என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. படித்துக்காட்டும் மென்பொருள் இலவசம். பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஓயாமல் ஓடிய தட்டுக்கு ஆண்டுக்கு 8760 மணி என்று கணக்கு. என் அறுநூறு ரூபாய்த் தட்டின் வயதை இனி அறிய வழியில்லை.

பழைய தட்டுகள் எங்கிருந்து வருகின்றன? அலுவலகங்கள் கழித்த கணினிகளிலிருந்து, பதிவுப் பெட்டிகளிலிருந்து, இன்னும் தொலைவிலிருந்தும். 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியும் நம் காவிரிப் படுகையைப்போல் நெல் விளையும் நிலமே. அங்கே ஆயுத்தயா பகுதியில் வன்தட்டு ஆலைகள் மூழ்கியதும் உலகெங்கும் விலை ஏறியது. புதியது எட்டாதபோது பழையதைத் தேடுவது எங்கும் உள்ள வழக்கம். 2021இல் சியா என்னும் மின்பணத்துக்காகப் பலர் வன்தட்டுகளை அடுக்கடுக்காக வாங்கி ஓட்டினார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு செய்தி வெளிப்பட்டது: பல்லாயிரம் மணி ஓடிய சீகேட் வன்தட்டுகளின் குறிப்பேட்டை யாரோ அழித்து, புதியவை என்று வணிகச் சந்தையில் விட்டிருந்தார்கள். அந்நிறுவனத் தட்டுகளில் இன்னொரு உட்பதிவும் இருந்ததால் குட்டு உடைந்தது. ஆகவே குறிப்பேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பல்லைத் தேய்த்து மாட்டின் வயதை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக யாரும் பல்லைப் பார்க்காமல் இருப்பதில்லையே!

பணம் இருப்பவர் சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. புதிதாக வாங்குவதே நல்லது. சாட்டா இணைப்பு உள்ள பழைய மடிக்கணினியிலும் அது பொருந்தும், வேகமும் கூடும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழையது வாங்குவது மட்டமான செயல் என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. பழையது வாங்குவது குற்றமில்லை. வயது தெரியாமல் வாங்க வேண்டியிருப்பதே குறை. ஓடிய மணியையும் கெட்ட பகுதிகளின் எண்ணிக்கையையும் விற்பவர் பில்லிலேயே எழுதித் தரட்டும். விலை நூறு ரூபாய் கூடினாலும் தருவோம்.

இரண்டாம் முறை மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் "சோதிக்கவெல்லாம் நேரமில்லை" என்றார்கள். அடுத்த கடையில் சிரித்தார்கள். மூன்றாம் கடையில் ஒரு பெரியவர் தானே இணைத்துக் காட்டினார். முதல் தட்டு முப்பதாயிரம் மணியைத் தாண்டியிருந்தது. "இது வேணாம்மா" என்று அவரே ஒதுக்கினார். அடுத்தது 4200 மணி. கெட்ட பகுதி பூஜ்யம். எழுநூற்றைம்பது ரூபாய். வீட்டில் நானே திருகாணி கழற்றி மாட்டி, லினக்ஸ் ஏற்றினேன். இப்போது குழுக் கணக்கு வன்தட்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, அம்மாவின் நோட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது. நோட்டை மீண்டும் தொடங்கச் சொன்னதும் நானேதான்; சொல்லச் சற்று வெட்கமாக இருந்தது.

நம் கல்லூரிக் கணினி ஆய்வகம் சனிக்கிழமை பிற்பகல்களில் பூட்டியே கிடக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் திறந்தால் போதும்; மாணவர்கள் வாங்கவிருக்கும் தட்டையும், வைத்திருக்கும் தட்டையும் சோதித்துச் சொல்ல நாங்கள் ஐந்து பேர் ஆயத்தமாக இருக்கிறோம். தட்டை ஒருநாள் கொடுத்து அனுப்ப மூன்றாம் கடைப் பெரியவரும் இசைந்திருக்கிறார். இதற்கான விண்ணப்பத்தைத் துறைத் தலைவரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை, சோதிக்கும் மென்பொருள் உள்ள பென்டிரைவ் என் பையில் இருக்கும். கடைக்குப் போகிறவர்கள் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தர மட்டும் மறக்க வேண்டாம்.