மூன்றடித் தொட்டியில் ஒரு சக்கரவர்த்தி

கடையில் அதைப் பார்த்துவிட்டு வாங்காமல் வெளியே வருவது கொஞ்சம் கஷ்டம்தான். மூன்று அங்குலம் இருக்கும். கறுப்பா, கருநீலமா என்று பிரித்துச் சொல்ல முடியாத உடம்பு. அதன் மேல் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வெள்ளையும் நீலமுமாய் வளையங்கள். காம்பஸ் வைத்துக் கோலம் போட்டது மாதிரி! பெயர் எம்பரர் ஏஞ்சல். விலை சில ஆயிரம் ரூபாய். "மூணு அடி தொட்டி தாராளமா போதும் சார், ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் சொல்வார். வாங்குபவரும் தலையாட்டிவிட்டு, பிளாஸ்டிக் பையில் சக்கரவர்த்தியை ஏந்திக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒன்றும் ஆகாதா? ஆகும். ரொம்பவே ஆகும். சாதாரண வீட்டுத் தொட்டிக்கு இந்த மீனை விற்பது ஏமாற்று வேலை. விவரம் தெரிந்தும் வாங்குவது அதற்குத் துணை போவது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கொளத்தூர் கடைகளில் நீளத் துடுப்போடு முக்கோண வடிவில் திரிகிற ஏஞ்சல் வேறு. அது அமேசான் பகுதியைச் சேர்ந்த நன்னீர் மீன். தலைமுறை தலைமுறையாகப் பண்ணைத் தொட்டிகளில் பிறந்து வளர்வது. அதோடு இங்கே சண்டை இல்லை. இங்கே பேச்சு உப்புத் தண்ணீர் ஏஞ்சல்களைப் பற்றியது, அதிலும் பெரிய வகைகளைப் பற்றியது. எம்பரர், கோரான் (குட்டியாக இருக்கும்போது வாலில் உள்ள கோடுகள் அரபி எழுத்து போலத் தெரிவதால் வந்த பெயர்), ப்ளூ ரிங் எல்லாம் இந்தக் கூட்டம். மன்னார் வளைகுடாவிலும் இலங்கையைச் சுற்றியும் இவை இருக்கின்றன. வீட்டுக்குள் பிறந்தவை அல்ல, பவளப்பாறையில் பிடிக்கப்பட்டவை.

ஸ்கேல் வைத்து ஒரு கணக்கு

வளர்ந்த எம்பரர் சுமார் 40 செ.மீ. வரை போகும். வழக்கமான மூன்றடித் தொட்டியின் நீளம் 90 செ.மீ., அகலம் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. 45 செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. மீன் எப்படித் திரும்பும்? உடம்பை வளைத்துத்தான் திரும்ப வேண்டும். நேராக நீந்தலாம் என்றால், தன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு போவதற்குள் கண்ணாடி வந்துவிடும். இதில் பாறைக்கும் மணலுக்கும் இடம் போக மிச்சம் என்ன? ஒரு ஆளை பாத்ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு "சாப்பாடு வேளாவேளைக்குக் கொடுக்கிறோமே" என்று சொல்வது போலத்தான் இது.

கடலில் இதே மீன் பாறைப் பகுதியில் தனக்கென்று ஒரு பெரிய எல்லையை வகுத்துக்கொண்டு வாழும். எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால் விரட்டும். கடலில் விரட்டப்பட்டது தப்பித்துப் போய்விடும். தொட்டியில் எங்கே போகும்?

சாப்பாட்டிலும் வில்லங்கம் உண்டு. இதன் இயற்கை உணவில் முக்கியமானது கடற்பஞ்சு. வெறும் உலர் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் சத்துக் குறைபாடு வரும். தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும் நோய், தொட்டியில் வாழும் பெரிய ஏஞ்சல்களுக்கு அடிக்கடி வருவது. உணவுக் குறைவும் வடிகட்டியில் போடும் கரித்தூளும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. வளர்ந்த எம்பரர் மஞ்சளும் நீலமுமாய்க் கோடு போட்டு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்பு முகமூடியோடு நிற்கும். குட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே தெரியாது. ஆரம்பத்தில் விஞ்ஞானிகளே இரண்டையும் வேறு வேறு இனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! அந்த ராஜ உடைக்கு ஆசைப்பட்டுத்தான் குட்டியை வாங்குகிறார்கள். ஆனால் தொட்டியில் குட்டியிலிருந்து வளர்த்த எம்பரருக்கு அந்த நிறம் முழுசாக வருவதில்லை என்பது அனுபவசாலிகள் அடிக்கடி சொல்லும் புகார்.

வாங்கின விலை மட்டும் காஸ்ட் இல்லை

பி.காம். முதல் வருஷ அக்கவுண்டன்சியிலேயே இது வரும். ஒரு மெஷின் வாங்கினால் பில்லில் உள்ள தொகை மட்டும் அதன் விலை அல்ல. லாரி வாடகை, பொருத்துக் கூலி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர ஆகும் எல்லாச் செலவும் சேர்ந்ததுதான் விலை. இந்தக் கணக்கை மீனுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இதற்குக் குறைந்தபட்சம் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி வேண்டும். அதில் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். உப்புத் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 700 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் முதல் நிரப்புக்கே 24 கிலோ. மாதம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் இன்னும் ஐந்து கிலோ, ஒவ்வொரு மாதமும். (சமையல் உப்பு இல்லை சாமி, அக்வேரியத்துக்கென்று விற்கும் உப்பு.) தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். சென்னை மே மாதத்தில் அது தானாக நிற்குமா? சில்லர் வேண்டும். கரண்ட் போனால் பம்ப் ஓட இன்வெர்ட்டர் வேண்டும். புரோட்டீன் ஸ்கிம்மர், டெஸ்ட் கிட், கடற்பஞ்சு கலந்த உறைந்த உணவு... யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

எத்தனை வருஷத்துக்கு? நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் 15, 20 வருஷம் வாழும். இன்று எல்.கே.ஜி. சேரும் குழந்தை டிகிரி வாங்கும்வரை. 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் ஒரு டன் தொட்டியோடு எத்தனை வீடு மாறுவார்? ஹவுஸ் ஓனர் மாடியில் அதை வைக்க விடுவாரா?

ஆக, மீனின் உண்மையான விலை கடைச் சீட்டில் இல்லை. அந்த விலையை யாராவது கொடுத்தே ஆக வேண்டும். வாங்கியவர் கொடுக்காவிட்டால் மீன் கொடுக்கும், தன் ஆயுளை. இருபது வருஷம் இருக்க வேண்டியது ஒன்றரை வருஷத்தில் மிதக்கும். "என்னமோ தெரியல, திடீர்னு செத்துப் போச்சு" என்பார்கள். திடீரென்று எல்லாம் இல்லை. தவணை முறையில் செத்தது.

வழக்கமான சமாதானங்கள்

"தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்." பழைய பொய் இது. இடமும் தண்ணீரும் கெட்டால் வளர்ச்சி குன்றும். அதற்குப் பெயர் ஒத்துப்போவது இல்லை, நோய்.

"பெரிசானதும் பெரிய தொட்டிக்கு மாத்திடுவோம்." அந்தப் பெரிய தொட்டி இன்று எங்கே இருக்கிறது? மனதில். ஆறடித் தொட்டிக்குப் பணம் இருப்பவர் மீனுக்கு முன்னால் தொட்டியைத்தான் வாங்குவார்.

"முடியாட்டி கடைக்கே திருப்பிக் கொடுத்துடலாம்." கடைக்காரர் வாங்கி என்ன செய்வார்? இன்னொரு மூன்றடித் தொட்டிக்காரர் தலையில் கட்டுவார். பிரச்சினை தீரவில்லை, முகவரி மாறியது.

"இது ஒண்ணும் அழியப் போற இனம் இல்லையே." உண்மைதான். செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை எம்பரர் பரவியிருக்கிறது, அழிவின் விளிம்பில் இல்லை. தெருநாய்கூட அழியப் போகிற இனம் இல்லை. அதற்காக அதை அலமாரிக்குள் வளர்க்கலாமா?

அப்புறம் பிடிக்கிற முறை. 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வழக்கம் இது: பாறை இடுக்கில் ஒளிந்த மீன் மீது சோடியம் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கியதும் அள்ளுவது. சட்டம் தடை செய்தும் அங்கும் இந்தோனேசியாவிலும் அது முழுதாக ஒழியவில்லை. சுற்றியுள்ள பவளத்துக்கும் சாவு. பிழைத்த மீனில் சில, பல வாரம் கழித்து யாரோ ஒருவர் வீட்டில் சாகும். எல்லா மீனும் இப்படிப் பிடிபடுவதில்லை. வலை போட்டுப் பொறுமையாகப் பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் கடைத் தொட்டியில் நீந்துவது எந்த ரகம் என்று வாங்குபவரால் பார்த்துச் சொல்ல முடியுமா? ம்ஹூம்.

"இப்போ பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கிறாங்களே!" இது ஒன்றுதான் மதிக்கத்தக்க வாதம். ஏஞ்சல்கள் முட்டையைக் கடலில் மிதக்க விடுபவை. பொரியும் குஞ்சு மிக நுண்ணியது, அதற்குத் தீனி கொடுத்துக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அப்படியும் பாலித் தீவில் சில பெரிய வகைகளை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் பண்ணையில் பிறந்த எம்பரரும் 40 செ.மீ.தான் வளரும். பண்ணை, கடலின் பிரச்சினையைத் தீர்க்கும். தொட்டியின் பிரச்சினையைத் தீர்க்காது.

தடையா, லேபிளா?

2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 158 வகை மீன்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஏஞ்சல் மீன்களும் அதில் இருந்தன, க்ளவுன் மீன்களும் இருந்தன. வியாபாரிகள் கொதித்தார்கள். பிறகு விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கொதித்ததில் நியாயமும் இருந்தது. சிறிதாகவே இருக்கிற, தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடிகிற க்ளவுனையும், அடி நீளம் தாண்டும் எம்பரரையும் ஒரே பட்டியலில் போட்டால் யார் மதிப்பார்கள்?

அதற்காகக் கேள்வியே கேட்காமல் விற்பது சரியாகிவிடாது. பிஸ்கட் பாக்கெட்டில்கூட எடை, விலை, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்று அச்சடிக்கிறார்கள். உயிருள்ள ஒன்றை விற்கும் தொட்டியின் மேல் மூன்று வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? முழு வளர்ச்சி இத்தனை செ.மீ., ஆயுள் இத்தனை வருஷம், குறைந்தபட்சத் தொட்டி இத்தனை லிட்டர். இதை எழுதிய பிறகும் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். எழுதாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

ஆறடிக்கும் எட்டடிக்கும் தொட்டி கட்டி, இருபது வருஷத்துக்குத் தயாராக இருப்பவரோடு யாருக்கும் வழக்கு இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு ஜோடி க்ளவுன் போதும். மூன்றடியில் அது சந்தோஷமாக இருக்கும், முட்டையும் வைக்கும். சக்கரவர்த்தியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடியும் ஸ்நார்க்கலும் மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகலாம். கடைத் தொட்டி முன்னால் மயங்கி நிற்பவர், பர்ஸை எடுப்பதற்கு முன் பையிலிருந்து ஒரு இன்ச் டேப்பை எடுத்தால் போதும்.