எண்ணிக்கை கூடிற்று; ஏற்றம் குறைந்தது!

பணிநிலை உயர்வின்றித் தேங்கி நின்ற தன் பணியாளர்க்கு 12, 24 ஆண்டுகளில் மேற்பணிநிலைக்குரிய ஊதியம் தர நடுவணரசு 1999-இல் ஆணையிட்டது. 2008 செபுதம்பர் முதல் அவ்வுயர்வு 10, 20, 30 ஆண்டுகளில் என மும்முறையாயிற்று. ஆயின், கிடைத்ததோ ஊதிய வரிசையின் அடுத்த படி மட்டுமே! மேற்பணிநிலையின் ஊதியம் அதனினும் மிகுந்த துறைகளில் பணியாளர் வழக்காடினர். உயர்நயன்மன்றங்கள் சில அவர்க்குச் சார்பாகத் தீர்ப்புரைத்தன. 2020 மார்ச்சில் உச்சநயன்மன்றமோ, அடுத்த படியே உரியதென முடித்துவிட்டது.

வழக்கு முடிந்தது, குறை முடியவில்லை. அவ்வலைச்சலுக்கிடையே ஓய்வு பெற்றோர்க்கு யார் விடை சொல்வது? ஊதிய உயர்வு அரசு இடும் கொடையன்று, உழைப்பிற்குரிய கூலி! ஒரு கையால் கொடுத்து மறுகையால் குறைப்பது ஆட்சிக்கு அழகன்று. ஐயத்திற்கிடமின்றி ஆணை வகுக்கட்டும். உரியதை உரிய காலத்தே வழங்கட்டும்!