ஐம்பத்திரண்டில் பதினேழு போனால்

52இல் 17 போனால் 45. நான்காம் தரத்துப் பிள்ளையின் கொப்பியில் இந்த விடைக்குப் பிழை போட்டுவிட்டு, ஆசிரியரின் சிவப்புப் பேனை அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. எப்படிச் செய்தாய் என்று பிள்ளையைக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். 2இலிருந்து 7 போகாது. அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறது. பத்தைக் கடன் வாங்கலாம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

பல பிள்ளைகளும் இந்தப் பிழையைத் தாண்டித்தான் வருகிறார்கள். சிலர் மட்டும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எட்டோடு ஐந்தைக் கூட்ட ஆறாம் தரத்திலும் விரலில் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள். நூற்றி நான்கை 1004 என்று எழுதுகிறார்கள். நேற்று மனப்பாடம் செய்த வாய்ப்பாடு இன்று காலையில் இல்லை. கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசு சரியா என்று பார்க்கத் தெரியாது. பாட்டும் பேச்சும் படமும் நன்றாக வரும் பிள்ளைக்கும் இது நேரலாம். டிஸ்கால்குலியா என்ற எண் கற்றல் இடர்பாடு இப்படித்தான் தெரியும். பொது அறிவாற்றலில் குறையில்லாத பிள்ளைகளிடமும் இது உண்டு என்பதை 1974இல் ஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். நூறு பிள்ளைகளில் மூன்று முதல் ஏழு பேருக்கு இது இருக்கலாம் என்பது இன்றைய பொதுவான மதிப்பீடு. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவரோ இருவரோ.

அந்த ஒருவரைப் பதுளைப் பக்கத்துத் தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களில் இனங்காண்பது கொழும்பை விடக் கடினம். இங்கே கணக்கு வராமல் போக வேறு காரணங்களும் வரிசையில் நிற்கின்றன. கணித ஆசிரியர் இடமாற்றம் வாங்கிப் போயிருப்பார். பிள்ளைக்குக் கண் மங்கலாக இருக்கும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்திருக்கும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். இலவசக் கல்வி வந்து முப்பது வருடங்களுக்குப் பிறகு கிடைத்த பள்ளிக்கூடம் இது. 2014க்குப் பிறகு பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டபோது, அவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6000 ரூபாய். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே கற்றல் இடர்பாடு இருந்தால், அது ‘மக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போகிறது.

சிறுவர் வளர்ச்சிச் சிக்கல்களை ஆராயும் ‘அயதி’ நிலையம் ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இயங்குகிறது. பதுளை ரயில் போகும் அதே தண்டவாளத்தில்தான் ராகமையும் இருக்கிறது. ஆனால் பயணம் ஒரு முழுப் பகல். கொழுந்தெடுக்கும் தாய்க்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இரண்டு நாள் சம்பளம் போய்விடும்; செலவு வேறு.

ஆகவே நிபுணரின் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும் உதவியை முதலில் வகுப்பிலேயே தொடங்கலாம். சில மாதம் ஒழுங்காகக் கற்பித்த பிறகும் நகராத பிள்ளையைத்தான் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். ஆசிரியர் இல்லாததால் பின்தங்கிய பிள்ளை எது, இடர்பாடு உள்ள பிள்ளை எது என்று பிரித்தறியவும் அதுவே வழி.

அந்த உதவிக்குப் பெரிய செலவில்லை. ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாக றப்பர் பட்டியால் கட்டிப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் 52. ஏழு குச்சி எடுக்க வேண்டும். கையில் உதிரி இரண்டுதான். அப்போது பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஆகும். ஏழை எடுத்தால் ஐந்து மிஞ்சும். பிறகு ஒரு கட்டை எடுத்துவிட்டால் மூன்று கட்டும் ஐந்து குச்சியும், 35. இதைப் பல நாள் செய்த பிறகு குச்சியைப் படமாக வரையலாம். இலக்கத்துக்கு வருவது கடைசியில். பெட்டிக்கு ஓர் இலக்கம் என்று சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுத வைக்கலாம். வாய்ப்பாட்டு அட்டையை மேசையிலேயே விட்டு வைக்கலாம். பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கொடுக்கலாம். எல்லோர் முன்னிலும் கரும்பலகைக்கு அழைத்து நிறுத்தாமல் இருக்கலாம். பயம் வந்தால் தெரிந்த கணக்கும் மறந்து போகும். ல, ள, ழ குழம்பும் பிள்ளைக்கு வசனக் கணக்கை வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துச் சிக்கலும் எண் சிக்கலும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருவது சாதாரணம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு காட்டியதையும் கணக்கப்பிள்ளை எழுதியதையும் ஒப்பிட எண் வேண்டும். சம்பளத் துண்டில் சேமலாப நிதிக்கு 8 வீதம், முற்பணம், சந்தா என்று கழிந்ததைச் சரிபார்க்கவும் எண் வேண்டும். பள்ளியில் கைவிடப்பட்ட பிள்ளை நாளை அந்தத் துண்டில் கையெழுத்து மட்டும் போடும்.

இந்தியா 2016இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தர வாசல் குறுகிவிடுகிறது. பரீட்சை முடிவு எதுவானாலும் தொழிற்பாடப் பிரிவில் தொடரலாம் என்ற 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இல் தொடங்கியது. அது எல்லாத் தோட்டப் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும். சட்டத்தில் டிஸ்கால்குலியாவின் பெயர் வரட்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒவ்வோர் ஆசிரியரும் ஈர்க்குக் கட்டோடு ஒரு பாடமாவது எடுத்துப் பழகிவிட்டு வரட்டும்.

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாமார் வழக்கமாகக் கேட்பது, “புள்ள எத்தனை புள்ளி டீச்சர்?” என்பதுதான். அடுத்த தவணையில் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: “எந்த இடத்துல தடுமாறுது, காட்டுங்க டீச்சர்.”