கயிற்றை விடாதவர்

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் திருவாய் மலர்ந்தார்: "பாகிஸ்தானைக் கேட்டு வாங்கியாகிவிட்டதே, அப்புறம் இங்கே எதற்கு ஐயா ஒரு முஸ்லிம் லீக்?" பெஞ்சில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது சுலபம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வியில் பாதி நியாயம் உண்டு. முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுவோம். 1946 தேர்தலில் சென்னை ராஜதானியின் முஸ்லிம் தொகுதிகளில் லீக்தான் அள்ளிக்கொண்டு போயிற்று. ஆனால் அன்று வாக்குரிமை யாருக்கு இருந்தது? சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவனுக்கு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சங்கு குளித்தவனை எவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவனை இன்று பதில் சொல்லச் சொல்வது என்ன நீதி?

இந்தக் கரையின் முகம் கராச்சியைப் பார்த்ததல்ல, கொழும்பைப் பார்த்தது. தலைமுறை தலைமுறையாக இவர்கள் கடைபோட்டது அங்கே. 1947-ல் ராட்கிளிஃப் கிழித்த கோடு பஞ்சாபையும் வங்கத்தையும் அறுத்தது. இந்தக் கரைக்காரனின் பிழைப்பில் கைவைத்தது, 1948-ல் இலங்கை கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம். பெரிய மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முத்துக் குளிப்பில் மூழ்குகிறவனின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் கையில். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், டில்லி அரசியல் நிர்ணய சபையில் விசுவாசப் பிரமாணத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார் லீக் தலைவர் சௌத்ரி கலீக்குஸ்ஸமான். சில மாதத்துக்குள் அவர் கராச்சிவாசி. இவரைப் போல் கயிற்றைப் போட்டுவிட்டுக் கரையேறியவர்கள் பலர். அடியில் இருந்தவன் என்ன ஆனான் என்று எட்டிப் பார்த்தார்களா?

அந்த டிசம்பரில் கராச்சியில் கூடி லீக்கை இரண்டாகப் பிரித்தபோது, இந்தியப் பகுதியின் பொறுப்பு திருநெல்வேலிக்காரரான முகம்மது இஸ்மாயில் தலையில் விழுந்தது. கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்பதே அன்றைய உபதேசம். வகுப்புக் கட்சிகள் வேண்டாம் என்று ஆசாத் லக்னோவில் சொன்னதும் அந்த டிசம்பரில்தான். காந்தி சுடப்பட்டு நாற்பதாம் நாள், 1948 மார்ச் 10-ந் தேதி, சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய சிலர், கலைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. லாபம் பார்ப்பவன் அந்தத் தேதியில் அந்தக் கடையைத் திறப்பானா?

லீக் செய்ததெல்லாம் சரி என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. நாடு இரண்டான காயம் ஆறுமுன், 1949-ல், மறுபடி தனித்தொகுதி கேட்டது தவறு. அண்டை வீட்டுக்காரன் வாக்கைக் கேட்டு அவன் வாசலில் நிற்பதே ஒரு சிறுபான்மைக்கு நல்ல காப்பு. அதே இஸ்மாயில் பின்னாளில் தி.மு.கழகத்தோடு கைகோத்து அந்த வாசலில் நின்றார். அந்த 1949-லேயே, ஆட்சிமொழி விவாதத்தில், பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கு முன் எது நிற்கும் என்று டில்லியில் வாதாடியவரும் அவரே. தப்பைச் சொல்கிற வாய் இதையும் சொல்ல வேண்டாமா?

தேசபக்திக்கு ரசீது கேட்கும் பெரிய மனிதரே! 1906-ல் இதே தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டபோது, இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அன்று உம்முடைய பாட்டனார் எத்தனை பங்கு வாங்கினார்?

1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. ஆனாலும் பழைய ஆட்கள் ஒரு கணக்கை மறப்பதில்லை: கயிற்றை விட்டவன் யார், பிடித்தவன் யார் என்பதே அந்தக் கணக்கு. 1972-ல் கண்மூடும் வரை இஸ்மாயில் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் இழுத்த திசையைப் பற்றி நாம் சண்டை போடலாம். ஏன் பிடித்தாய் என்று கேட்க மட்டும் நமக்கு யோக்கியதை இல்லை.