கைகளிலிருந்து கடைக்குப் போன பண்டிகைகள்

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வந்தன. 11ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம்; 12ஆம் திகதி திங்கட்கிழமை சித்திரா பௌர்ணமி. யாழ்ப்பாணத்திலும், அங்கிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய சைவக் குடும்பங்களிலும், தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை எவ்வாறோ அவ்வாறே தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி விரத நாளாகும். அன்று கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை, அதாவது மனிதர் செய்யும் நன்மை தீமைகளைக் கணக்கெழுதுபவராகக் கருதப்படும் சித்திரகுப்தரின் வரலாறு, ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் முறையில் ஓதப்படும்; சித்திரைக் கஞ்சி காய்ச்சப்பட்டு வந்தவர்க்கெல்லாம் வார்க்கப்படும். ஆனால் காலி வீதியின் கடை முகப்புகள் மே மாதத்தில் அறிவிப்பது அன்னையர் தினத்தை மட்டுமே: கேக் வகைகள், சேலைகளுக்கு விலைக்கழிவு, உணவகங்களில் மேசை முன்பதிவு. கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளை ஒன்று முதல் நாளைத் தானாகவே அறிந்துகொள்கிறது. இரண்டாவது நாளை யாராவது எடுத்துச் சொன்னாலன்றி அறிவதில்லை.

இதை மேலைநாட்டுப் பண்பாட்டுப் படையெடுப்பு என்று பெயரிட்டுக் கண்டிப்பது எளிது. ஆண்டுதோறும் பெப்ரவரி 14 நெருங்கும்போது எழும் கண்டனங்கள் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தவையே. இளையோரைக் குற்றவாளிகளாக்குவதற்கு மேல் அவற்றால் விளைந்த பயன் எதுவுமில்லை. ஒரு நாள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற கேள்வியைவிட, அந்த நாள் தன்னைக் கொண்டாடுபவரிடம் என்ன வேலை கேட்கிறது என்ற கேள்வியே முதன்மையானது என்பது இத்தலையங்கத்தின் நிலைப்பாடு. கஞ்சி காய்ச்சவும், கதை படிக்கவும், கோலம் போடவும், அயலாருக்குப் பகிரவும் கேட்கும் நாள் ஒரு சமூகத்தை ஒன்றாகக் கூட்டுகிறது. பணம் செலுத்தியதோடு முடிந்துவிடும் நாள் வாங்குபவரையும் விற்பவரையும் தவிர வேறெவரையும் ஒருவரோடொருவர் சேர்ப்பதில்லை.

அன்னையர் தினத்தின் சொந்த வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் 1908ஆம் ஆண்டு மே மாதம் தன் மறைந்த தாயின் நினைவாகத் தேவாலய வழிபாடொன்றை ஏற்பாடு செய்த அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணியின் முயற்சியால், 1914இல் ஜனாதிபதி வில்சன் அந்த நாளைத் தேசிய நாளாகப் பிரகடனம் செய்தார். சில ஆண்டுகளிலேயே பூ வியாபாரிகளும் வாழ்த்து அட்டை நிறுவனங்களும் இனிப்பு உற்பத்தியாளர்களும் அதைக் கைப்பற்றியதைக் கண்ட அதே ஜார்விஸ், 1948இல் இறக்கும்வரை தான் உருவாக்கிய நாளின் வணிகமயத்தை எதிர்த்தே போராடினார். தாய்க்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதச் சோம்பியவர்களே அச்சிட்ட அட்டையை வாங்குகிறார்கள் என்பது அவருடைய ஆத்திரம். கொழும்புக்கு வந்து சேர்ந்தது ஜார்விஸ் விரும்பிய நாளன்று; அவரைத் தோற்கடித்தவர்களின் நாள்.

இறக்குமதி மேற்கிலிருந்து மட்டும் வருவதுமில்லை. சித்திரை மாத வளர்பிறையில் வரும் மூன்றாம் திதியான அட்சய திருதியை பஞ்சாங்கத்தில் பழைய காலம் முதல் குறிக்கப்பட்டு வரும் நாள்தான். அதன் சிறப்பாக நூல்கள் கூறுவது தானம் கொடுப்பதையே. அன்று தங்கம் வாங்கியே ஆகவேண்டும் என்ற நம்பிக்கை தமிழகத்து நகைக்கடைகளின் விளம்பரங்களால் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஊட்டப்பட்டு, தொலைக்காட்சி வழியாகக் கடல் கடந்து, கொழும்பு செட்டியார் தெருவுக்கு வந்தது. ஆடி மாதத்தில் திருமணங்கள் இல்லாததால் தேங்கும் துணியை விற்றுத் தீர்க்கத் தமிழகத்துக் கடைகள் கண்ட வழியான ஆடித் தள்ளுபடியும் அவ்வாறே வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளுக்கு வந்தது. இவை தமிழ்ப் பெயரோடும் தெய்வப் படங்களோடும் வருவதால் எவரும் இவற்றை அந்நியமென்று கண்டிப்பதில்லை. கொடுப்பதற்கென்று இருந்த நாள் வாங்குவதற்கென்று ஆனது காதலர் தினத்தைவிட ஆழமான மாற்றம். காதலர் தினம் இருந்த ஒன்றின் பொருளைத் தலைகீழாக்கவில்லை, அட்சய திருதியை விளம்பரம் அதைத்தான் செய்கிறது.

ஆடி மாதத்தையே எடுத்துக்கொண்டால் இழப்பின் அளவு தெளிவாகும். ஜூலை நடுப்பகுதியில் வரும் ஆடிப்பிறப்பு ஈழத்துத் தமிழருக்கே உரிய பண்டிகை என்று சொல்லத்தக்கது. வறுத்த பயறு, அரிசிமாவைப் பிசைந்து உருட்டிய சிறு உருண்டைகள், பல்லுப் பல்லாகச் சீவிய தேங்காய்ச் சொட்டு ஆகியவற்றைத் தேங்காய்ப்பாலிலும் பனங்கட்டியிலும் வேகவைத்து, இறக்கும்போது மிளகும் சீரகமும் தூவிக் காய்ச்சும் ஆடிக் கூழும், கொழுக்கட்டையும் அந்நாளின் உணவுகள். பலாவிலையைக் கூம்பாக மடித்து ஈர்க்கினால் குத்தி, அதனாலேயே கூழை அள்ளிக் குடிப்பது வழக்கம். 1953இல் மறைந்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவருக்கென எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டு அந்நாளைப் பள்ளி விடுமுறை நாளாகவே காட்டுகிறது. இன்று நடைமுறையிலுள்ள 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தின் கீழ் தைப்பொங்கலும் மகா சிவராத்திரியும் புத்தாண்டும் தீபாவளியும் பொது விடுமுறை நாட்களாக உள்ளன. ஆடிப்பிறப்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பாட்டைப் பாடநூலில் படிக்கும் பிள்ளை, அது கூறும் விடுமுறையையும் காண்பதில்லை, பெரும்பாலான வீடுகளில் கூழையும் காண்பதில்லை.

அதே மாதத்து அமாவாசைக்கு முந்திய இரண்டொரு நாட்களில், வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து மரக்கறி விற்போரிடம் காத்தோட்டிக்காய் வந்திருக்கும். வேலிகளிலும் பற்றைகளிலும் படரும் முட்கொடி ஒன்றின் பச்சை நிறக் காய் அது; கடுங்கசப்புடையது; பிளந்து விதை நீக்கிப் பொரித்தால்தான் வாயில் வைக்க முடியும். தந்தைக்காக விரதமிருப்போர் ஆடி அமாவாசைப் படையலில் அதைச் சேர்ப்பார்கள். ஆண்டின் மற்ற நாட்களில் அதை எவரும் தேடுவதில்லை. எந்த விளம்பரமும் இல்லாமல், எந்தக் கண்ணாடி முகப்பிலும் வைக்கப்படாமல், ஒரு தாளில் சுற்றிக் கைமாறும் இந்தக் கசப்புக் காய், வியாபாரம் பண்டிகைக்குப் பணி செய்வது எப்படியிருக்கும் என்பதைக் காட்டுகிறது. கேட்பவர் இருப்பதால் அது விற்கப்படுகிறது. வணிக நாட்களில் முறை எதிரானது. விற்கவேண்டியிருப்பதால் கேட்பவர் உருவாக்கப்படுகிறார்.

வணிகரைப் பண்டிகையின் பகைவராகச் சித்திரிப்பதும் கொழும்பின் வரலாற்றுக்குப் பொருந்தாது. நகரின் மிகப் பெரிய தமிழ் விழாவான ஆடிவேலைத் தொடங்கியவர்களே வணிகர்கள். கதிர்காம யாத்திரையோடு கொள்ளைநோய் பரவுவதைக் காரணம் காட்டிக் குடியேற்ற அரசு யாத்திரிகர்மீது கட்டுப்பாடுகள் விதித்தபோது, செட்டியார் தெருவின் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 1874இல் கொழும்பிலேயே முருகனின் வேலைத் தேரில் ஏற்றிக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் கொண்டுவந்தனர். அவர்கள் அந்த விழாவில் பொருளைச் செலவிட்டார்கள்; நகரம் முழுவதும், சிங்கள மக்கள் உட்பட, அதைக் காணத் திரண்டது.

கொட்டாஞ்சேனையின் மற்றொரு வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பௌத்த ஊர்வலமொன்றுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே அங்கு மூண்ட கலவரத்தின் பின்னர், பௌத்தர் சார்பில் கேணல் ஒல்கொட் இலண்டன் சென்று முறையிட்டதன் விளைவாக வெசாக் 1885 முதல் பொது விடுமுறை ஆயிற்று. பௌத்தக் கொடி அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் திகதி கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரையில் ஏற்றப்பட்டது. வெசாக் வாழ்த்து அட்டைகள் நத்தார் அட்டைகளைப் பார்த்து உருவானவை. ஆயினும் அதை இறக்குமதிப் பண்டிகை என்று எவரும் சொல்வதில்லை. ஏனெனில் மூங்கிற் சிலாகைகளை வளைத்துக் கட்டி, மெல்லிய தாளை ஒட்டி, வெசாக் கூடுகளை வீட்டுப் பிள்ளைகள் தம் கையாலேயே செய்கிறார்கள். தன்சல் எனப்படும் அன்னதானப் பந்தல்களில் இனம் மதம் பாராமல் வீதியில் செல்லும் எவருக்கும் சோறு கிடைக்கிறது. 2025இல் சித்திரா பௌர்ணமியும் வெசாக்கும் ஒரே நாளில் வந்தன. ஒரே முழுநிலவின் கீழ் அயலார் தம் நாளைத் தாமே செய்துகொண்டிருக்க, தமிழ்க் குடும்பங்கள் தம் நாளை மறந்திருந்தமைக்கு அமெரிக்காவைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மறதிக்கான காரணங்கள் அருகிலேயே உள்ளன. 1983 ஜூலையில், ஆடி மாதத்திலேயே, கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வேல்விழாவும் அதனால் தடைப்பட்டது. மீண்டும் தேர் வீதிக்கு வந்தபோது, முன்பு தெருவோரம் நின்று வணங்கிய பல குடும்பங்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் பதிவாகியுள்ள நிகழ்ச்சிகள். அடையாள அட்டையோடு உறங்கிய காலத்தில் வாசலில் கோலம் போடுவதும் கார்த்திகை விளக்கீட்டுக்குத் தீபம் வரிசையாக வைப்பதும், இங்கே இருப்பவர் தமிழர் என்று தாமே அறிவிப்பதாக அமைந்தன. ஆகவே பல வீடுகள் அமைதியாக அவற்றைக் கைவிட்டன. சிவப்பு இதயம் வரைந்த அட்டையை எந்தச் சோதனைச்சாவடியும் சந்தேகித்ததில்லை. கடையின் பண்டிகை பாதுகாப்பான பண்டிகையாக இருந்தது என்பதை மறந்து இளையோரைக் கடிந்துகொள்வது கொடுமை.

போர் முடிந்தபின் இடத்தைப் பறித்தவை தொடர்மாடிகள். முற்றத்தில் கல் மூன்று வைத்து, புதுப்பானையில் பால் பொங்கி வழியக் காத்திருக்கும் தைப்பொங்கல், ஏழாம் மாடியில் எரிவாயு அடுப்பின் மேல், புகை உணர்கருவிக்கு அஞ்சி, குக்கரில் முடிகிறது. வழிவதற்கு இடமில்லாத பொங்கல், சுவையில் குறையாவிட்டாலும், அயலார் பார்க்கும் நிகழ்ச்சி என்ற தன்மையை இழந்துவிடுகிறது. நேரமும் இவ்வாறே. 2018இல் மகா சிவராத்திரி பெப்ரவரி 13ஆம் திகதி வந்தது. நான்கு யாமமும் கண்விழித்தவருக்கு விடிந்த நாள் காதலர் தினமாகவும் வேலை நாளாகவும் இருந்தது. விரதமோ இரவையும் மறுநாளையும் கேட்கிறது; உணவக மேசை மாலையில் இரண்டு மணி நேரத்தை மட்டும் கேட்கிறது. வேலைக்குப் போகும் குடும்பம் இரண்டாவதைத் தேர்வது இயல்பே.

இங்கே எழும் எதிர்வாதங்களில் வலிமையானது ஒன்றுண்டு, அது பெண்களுடையது. பண்டிகையின் வேலை என்று இதுவரை புகழப்பட்டதெல்லாம், மா இடிப்பதும் கூழ் காய்ச்சுவதும் வீடு கழுவுவதும் விரதச் சமையலும், பெரும்பாலும் பெண்களின் முதுகில் ஏற்றப்பட்ட வேலையே. அலுவலகத்திலிருந்து மாலை ஆறு மணிக்குத் திரும்பும் பெண்ணுக்குக் கடையில் வாங்கிய கொழுக்கட்டை ஒரு விடுதலை. அதைப் பறித்து மீண்டும் அடுக்களைக்கு அனுப்பும் நோக்கில் மரபைப் பேசுபவரின் பேச்சை அவர் ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. அன்னையர் தினம் குறைந்தபட்சம் ஒரு நேர உணவையாவது தாய் சமைக்காமல் உண்ண வைக்கிறது. அந்த அளவில் அது மதிக்கத்தக்கதே. ஆகவே மரபை மீட்பது என்றால், வேலையை வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வது அதன் முதல் நிபந்தனையாக இருக்கவேண்டும். பயறு வறுப்பதற்கும் பலாவிலை மடிப்பதற்கும் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு நாட்களைத் தடைசெய்யும்படி இத்தலையங்கம் எவரையும் கோரவில்லை. அதன் கோரிக்கைகள் இடம், நேரம், வேலை என்பவற்றைப் பற்றியவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலுமுள்ள தொடர்மாடிகளின் முகாமைத்துவக் குழுக்கள், தைப்பொங்கலன்று காலையில் வாகனத் தரிப்பிடத்தின் ஒரு பகுதியையோ மொட்டைமாடியையோ பொதுப் பொங்கலுக்கு ஒதுக்கவேண்டும். தீயணைப்பு ஏற்பாட்டோடு இரண்டு மணி நேரம் விறகடுப்பு எரிவதால் எந்தக் கட்டடத்துக்கும் கேடு வராது. பிள்ளைகளின் ஹலோவீன் முகமூடிக்கு நேரம் ஒதுக்கும் பாடசாலைகள், 2024இல் ஒக்டோபர் 31ஆம் திகதி அந்த நாளும் தீபாவளியும் ஒன்றாக வந்ததை நினைவிற்கொண்டு, ஆடிப்பிறப்பின் காலையில் ஒரு பாடவேளையை ஒதுக்கிப் பள்ளியிலேயே கூழ் காய்ச்சட்டும். சிங்கள, முஸ்லிம் மாணவர்களுக்கும் அது வார்க்கப்படட்டும். கோயில் அறங்காவலர்கள் சித்திரபுத்திரனார் கதையை எவருக்கும் விளங்காத வேகத்தில் ஓதி முடிக்காமல், பயன் சொல்லும் பழைய முறையை மாலை வேளைக்கு, வேலைக்குப் போவோர் வரக்கூடிய நேரத்துக்கு, மாற்றவேண்டும்.

செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்களிடமும் காலி வீதிப் புடைவைக் கடைக்காரர்களிடமும் கேட்கவேண்டியது ஒன்றே. 1874இல் அதே தெருவின் வணிகர் தம் பொருளை ஒரு நகரத்தின் விழாவுக்குச் செலவிட்டனர். அட்சய திருதியை விளம்பரத்துக்கு இன்று செலவிடப்படும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, அந்நாளுக்குரிய அன்னதானத்தைச் செட்டியார் தெருவிலேயே, வீதியில் செல்லும் எல்லோருக்கும், அவர்கள் நடத்தட்டும். அடுத்த ஆடி அமாவாசைக்கு முதல் நாள் தம் ஊழியர்களை ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பட்டும், அவர்களும் சந்தைக்குப் போய்க் காத்தோட்டிக்காய் வாங்கவேண்டியிருக்கும்.