அருங்காட்சியகம் இரவு 10 மணி வரை திறந்திருக்கட்டும்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. அண்ணா சாலையிலோ கிண்டியிலோ வேலை பார்க்கும் ஒருவர் அலுவலகம் விட்டுக் கிளம்பும் நேரத்தில், திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் பூட்டிய கதவுக்குள் இருக்கிறார்கள். அவருக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைதான். துணி துவைப்பதும் கல்யாண வீடுகளுக்குப் போய்வருவதும் அந்த ஒரு நாளுக்குள்தான். வாரத்தில் ஒரு நாளாவது இந்த அருங்காட்சியகமும் நகரின் மற்ற கலைக்கூடங்களும் இரவு 10 மணி வரை திறந்திருக்க வேண்டும்.

இது யாரும் கேட்காததைக் கேட்பதாகாது. லண்டனில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அறியப்படுவது, 1857-ல் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதை நடத்திய ஹென்றி கோல், உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வந்து பார்க்கட்டும் என்பதற்காகவே கூடங்களில் கேஸ் விளக்குப் பொருத்தினார். மின்விளக்கு வராத காலத்தில், நெருப்பு அபாயத்தையும் ஏற்றுக்கொண்டு எடுத்த முடிவு அது. இன்றும் அங்கே வெள்ளிக்கிழமைகளில் இரவு 10 வரை கதவு திறந்திருக்கிறது.

பெர்லின் 1997-ல் ‘அருங்காட்சியகங்களின் நீண்ட இரவு’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒரே சீட்டில் பல அருங்காட்சியகங்கள், அவற்றுக்கிடையே ஓடும் பேருந்துகள், நள்ளிரவு தாண்டியும் திறந்த கதவுகள். ஐரோப்பாவின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. பாரிஸ் 2002 அக்டோபரில் தன் முதல் ‘வெள்ளை இரவு’ கலை விழாவை நடத்தியபோது, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்த நகராட்சி மாளிகையிலேயே மேயர் பெர்த்ராந் தெலனோ கத்தியால் குத்தப்பட்டார். விழாவை நிறுத்த வேண்டாம் என்று அவரே சொன்னார். அடுத்த ஆண்டும் அது நடந்தது, இன்றும் நடக்கிறது. இரவில் கூட்டம் கூடினால் ஆபத்து என்று கோப்பை மூடிவைக்கும் அதிகாரிகள் இந்தச் சம்பவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மும்பையில் கொலாபா, காலா கோடா பகுதிகளின் தனியார் கலைக்கூடங்கள் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வழக்கமான நேரம் கடந்தும் திறந்திருக்கும் பழக்கத்தை வைத்திருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம்.

இரவில் கலை பார்ப்பதைத் தமிழருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விடிய விடியக் கூத்து பார்த்தவர்கள், சிவராத்திரிக்குக் கண்விழித்தவர்கள், மார்கழியில் ஒரு சபாவிலிருந்து இன்னொரு சபாவுக்கு ஓடுகிறவர்கள் இவர்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் வார நாட்களில் கூட்டம் சேருவதே மாலைக்குப் பிறகுதான். எழும்பூரில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை உற்சவ மூர்த்திகளாகச் செய்யப்பட்டவை. தீவட்டி வெளிச்சத்தில், வீதியில் தோளில் ஏறி வந்தவை. அந்தத் திருமேனிகளுக்கு மாலை 5 மணியோடு நாள் முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு அலுவலக நேரப் பட்டியலைத் தவிர வேறு காரணம் இல்லை. அதே வளாகத்தில் இருக்கும் மியூசியம் தியேட்டரில் மாலைக் காட்சியாக நாடகம் நடக்கிறது. நாடகம் பார்க்க வருகிறவர்கள் இருண்டு கிடக்கும் சிற்பக்கூடங்களைக் கடந்து போகிறார்கள். இது நகரத்துக்கே இழப்பு.

ஆட்சேபங்கள் இருக்கின்றன, அவற்றில் நியாயமும் இருக்கிறது. முதலாவது, வெளிச்சம். காகிதத்தில் வரைந்தவை, நீர்வண்ண ஓவியங்கள், துணிகள் ஆகியவற்றின் மேல் விழும் ஒளியால் வரும் சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். அதைத் திருப்ப முடியாது. அதனால்தான் அவற்றுக்கு 50 லக்ஸ் அளவே போதும் என்று பாதுகாப்பு நிபுணர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் கல்லையும் செம்பையும் விளக்கு வெளிச்சம் ஒன்றும் செய்துவிடாது. ஓவியக்கூடங்களை வழக்கம்போல 5 மணிக்கு மூடிவிட்டு, செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் உள்ள கூடங்களை மட்டும் இரவில் திறக்கலாம். கூடங்கள் குறைவாக இருந்தால் காவலுக்கும் ஆள் குறைவாகவே தேவைப்படும்.

இரண்டாவது, ஊழியர்கள். இதுதான் உண்மையான சிக்கல். பகல் முழுக்க நின்ற காவலரையே இரவு 10 வரை நிற்க வைத்து, அதைச் சாதனையாக அறிவிப்பதை ஏற்க முடியாது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-ல் அனுமதித்தபோது, வேலை நேரத்துக்கு வரம்பு விதித்தது. இரவுப் பணிக்குப் பெண்களின் எழுத்துபூர்வமான சம்மதமும் உரிய பாதுகாப்பும் வேண்டும் என்றது. ஜவுளிக்கடைக்கு யோசித்த அளவுக்கு அருங்காட்சியகத்துக்கும் யோசித்தால் வழி பிறக்கும். தனி ஷிஃப்ட், தனிச் சம்பளம், வீடு திரும்ப வாகனம் ஆகிய மூன்றும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை அலங்கார விளக்கும் மேடையும் போட்டு ஒரே ஒரு கலை இரவு நடத்தி முடித்துவிடும் ஆசை அரசுக்கு வரலாம். விழா நடக்கட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அன்று வருகிறவர் நெரிசலில் நடராஜரைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். வாரந்தோறும் திறந்திருந்தால், ஒரு புதன்கிழமை மாலையில் ஒரு பெண் தன் மகளோடு வந்து அர்த்தநாரியின் முன் அரை மணி நேரம் நிற்க முடியும். பிடித்திருந்தால் அடுத்த புதனும் வர முடியும். கலை ரசனை வளர்வது இந்த இரண்டாவது வருகையில்தான். சென்னை வெயிலில் மே மாதம் மதியம் 2 மணிக்கு யாரையும் சிற்பம் பார்க்கக் கூப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தொடங்க வேண்டிய இடம் எழும்பூர். மெட்ரோவும் புறநகர் ரயிலும் பக்கத்தில் இருக்கின்றன. மெட்ரோ இரவு 11 வரை ஓடுகிறது. அதே நாளில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியும் நகரத் தனியார் கலைக்கூடங்களும் சேர்ந்துகொண்டால், மாநகரப் போக்குவரத்துக் கழகம் இவற்றை இணைத்து ஒரு சிற்றுந்து விடலாம். ஈஞ்சம்பாக்கத்தில் 1966 முதல் இயங்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொலைவில் இருப்பதால் அது அடுத்த கட்டமாக இருக்கட்டும். அருங்காட்சியகங்கள் துறை முதலில் செய்ய வேண்டியது ஆள் சேர்ப்புக்கான உத்தரவு. ஆறு மாதம் சோதனையாக நடத்தி, மாலையில் எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கூடத்தில் நின்றார்கள் என்ற கணக்கைப் பொதுவில் வெளியிட்டு, மற்ற மாவட்ட அருங்காட்சியகங்களைப் பற்றி அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம்.