பச்சைக்காய் முதலில்... கோழிக்கறி அப்புறம்!

கேள்வி: ‘‘பள்ளியில் கபடி விளையாடும் என் பேத்தி, கடையில் விற்கும் சிக்கன் சாலட் வேண்டும் என்கிறாள். வீட்டில் நாட்டுக்கோழியும், தோட்டத்தில் வெள்ளரியும் இருக்கின்றன. நாமே செய்ய முடியுமா?’’

- வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்.

பதில்: ‘‘தாராளமாகச் செய்யலாம். கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. தோல் நீக்கி வேகவைத்த 100 கிராம் கறியில் சுமார் 30 கிராம் புரதம் இருக்கிறது. விளையாடும் பிள்ளைக்கு நல்ல உணவு. மயோனைஸ் தேவையில்லை, நம் ஊர்த் தேங்காயும் எலுமிச்சையும் போதும்.

முதலில் காய்களைக் கழுவி நறுக்கி, மூடி வைத்துவிடுங்கள். வெள்ளரி 1, கேரட் 1, தக்காளி 1, சின்ன வெங்காயம் 10, கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி. பிறகுதான் கறியைத் தொட வேண்டும். பச்சைக்கறி நறுக்கிய கத்தியிலும் பலகையிலும் நோய்க்கிருமிகள் ஒட்டியிருக்கும். குழம்பில் போடும் காய் கொதியில் வெந்துவிடும்; சாலட் காயை அப்படியே சாப்பிடுகிறோம். அதனால்தான் இந்த வரிசை. கறியைக் குழாயடியில் வேகமாக அலசினால், தெறிக்கும் நீரோடு கிருமியும் பரவும்.

எலும்பில்லாத கறி கால் கிலோவைச் சிறு துண்டுகளாக்கி, இஞ்சி-பூண்டு விழுது 1 ஸ்பூன், மிளகுத்தூள், சீரகத்தூள், மிளகாய்த்தூள் தலா அரை ஸ்பூன், கொஞ்சம் மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிசறி, 10 நிமிடம் வையுங்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் போட்டு, மூடி, சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம் வேகவிடுங்கள். பெரிய துண்டைப் பிட்டுப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. இந்தக் கணக்கு பிராய்லர் கோழிக்கு. முற்றிய நாட்டுக்கோழி என்றால், குக்கரில் வேகவைத்து உதிர்த்து, பிறகு மசாலாவில் புரட்டுங்கள்.

கறி ஆறியதும் காய்களோடு கலந்து, 2 ஸ்பூன் தேங்காய்த்துருவல், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேருங்கள். மாங்காய் சீசனில் எலுமிச்சைக்குப் பதில் புளிப்பு மாங்காயைத் துருவிப் போடலாம். உப்பைக் கடைசியில் போட்டால் வெள்ளரி நீர் விடாது. உடனே சாப்பிட்டுவிடுங்கள், மதியத்துக்கு டப்பாவில் கட்டிக் கொடுக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயங்கள். சீக்கு வந்த கோழியை அடிக்காதீர்கள். கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளரிக்குப் பூச்சிமருந்து தெளித்திருந்தால், லேபிளில் சொல்லியிருக்கும் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே பறியுங்கள். ஊடுருவிப் பாயும் மருந்து, கழுவினாலும் போகாது.

ராஜபாளையம் பக்கம் ஒருமுறை தோட்டம் பார்க்கப் போனபோது, அந்த விவசாயி ஒரு வெள்ளரிப் பிஞ்சைப் பறித்துக் கொடுத்தார். ‘தைரியமா கடிங்க சார், இந்தப் பாத்தி வீட்டுக்கு. மருந்தடிச்சது அந்தப் பக்கம், நாளைக்குச் சந்தைக்குப் போகுது’ என்றார். எனக்கு அந்தப் பிஞ்சு இறங்கவில்லை. சந்தையில் வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு பேத்தி இருப்பாள். அவளும் அதைப் பச்சையாகத்தான் கடிப்பாள். வீட்டுப் பாத்திக்குப் பார்க்கிற கணக்கைச் சந்தைப் பாத்திக்கும் பாருங்கள்.’’